ஒஸ்கார் மீனுக்குத் துணை சேர்க்கலாமா?

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருக்கும் சகோதரி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மகனுக்கு 13 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் மகனின் பிறந்தநாளுக்கு இரண்டு டைகர் ஒஸ்கார் குஞ்சுகள் வாங்கினார்கள். அப்போது ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். சில மாதங்களில் ஒன்று மற்றதை அடித்தே கொன்றுவிட்டது. மிஞ்சியது இப்போது 11 அங்குலம். தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். துணைக்கென்று பத்து டெட்ரா மீன் விட்டார்கள், காலையில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பரட் மீன் விட்டார்கள், மூன்றாம் நாள் செட்டை கிழிந்து செத்தது. அதன் பிறகு ஒஸ்கார் அடித்தளத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துவிடுகிறது. “அது தனிமையில் வாடுகிறது, அதற்கு ஒரு நண்பன் வேண்டும்” என்கிறான் மகன். மீன் கடைக்காரர் மூன்று வழி சொல்லியிருக்கிறார்: ஒரு ரெட் டெயில் கெளிறுக் குஞ்சு, அல்லது ஒரு பாக்கு மீன், அல்லது “ஒரு பெண் ஒஸ்கார் தருகிறேன், சோடி சேர்ந்துவிடும்”. தொட்டியைச் சுத்தமாக வைக்க டேங்க் கிளீனர் என்ற பாசி சுரண்டும் மீன் ஒன்றையும் போடச் சொல்கிறார். சகோதரியின் தம்பியோ, “இவ்வளவு கரைச்சல் எதற்கு, கொண்டுபோய் பேரை வாவியில் விடுங்கள்” என்கிறார்.

கடிதத்தின் நடுவில் சில விவரங்கள்: தினமும் கோழி ஈரல் அல்லது இதயம், கிழமைக்கு ஒருமுறை உயிரோடு தங்கமீன். மாதம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் இறைத்து, பில்டர் பஞ்சை பைப்புக்கு அடியில் பிடித்து நன்றாகக் கழுவுகிறார்கள். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறார்: “கண்ணுக்கு மேலே தலையில் குண்டூசி முனையளவில் சின்னக் குழிகள் தெரிகின்றன. வயதாவதால் வருவதா?”

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான்.

குழிகள் வயதால் வருபவை அல்ல. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒஸ்கார் 10 முதல் 15 வருடம் வரை வாழும். இரண்டு வயது என்பது அதற்கு இளமைப் பருவம். தலையிலும், உடலின் பக்கவாட்டில் ஓடும் கோட்டிலும் இப்படிக் குழி விழுவது ஒஸ்கார், டிஸ்கஸ் போன்ற சிக்லிட் குடும்ப மீன்களில் அடிக்கடி வரும் நோய். மீன் வளர்ப்பவர்கள் இதை ஹோல் இன் த ஹெட் என்பார்கள். இதற்கு ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. பழைய, கழிவு நிறைந்த தண்ணீர், விற்றமின் குறைந்த சாப்பாடு, நெருக்கடியான இடம், குடலில் வாழும் ஒரு நுண்ணுயிர் ஆகியவை சேர்ந்தே இதைக் கொண்டுவருகின்றன. உங்கள் தொட்டியில் முதல் மூன்றும் இருக்கின்றன என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. குழி சின்னதாக இருக்கும்போதே தண்ணீரையும் சாப்பாட்டையும் திருத்தினால் பெரும்பாலும் ஆறிவிடும். ஆழமாகப் போய்விட்டால் ஆறினாலும் வடு நிற்கும். ஆகவே இந்த மாதம் எந்தப் புது மீனும் வேண்டாம். நோயிருக்கும் தொட்டிக்குள் புது மீனை விடுவது இரண்டுக்குமே கெடுதல்.

ஒஸ்கார் ஒருபக்கமாகச் சாய்ந்து படுப்பதற்கும் தனிமைக்கும் சம்பந்தம் இல்லை. தொட்டியில் திடீர் மாற்றம் வந்தால், தண்ணீர் முழுவதும் மாறினால், வேண்டாத மீன் ஒன்று நுழைந்தால், ஒஸ்கார் இப்படித்தான் படுக்கும். அதோடு தண்ணீரும் மோசமாக இருந்தால் இன்னும் சோர்ந்து கிடக்கும். சின்ன வயதில் ஒஸ்கார்கள் கூட்டமாகத் திரிவது உண்மை. வளர்ந்த பிறகு தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக் காப்பதுதான் அதன் சுபாவம். வளர்ந்த ஒஸ்கார் ஒன்று நல்ல தொட்டியில் தனியாகவே நிறைவாக வாழும். தனக்குச் சாப்பாடு போடுபவரை அடையாளம் கண்டு கண்ணாடிக்கு அருகில் ஓடி வரும் மீன் அது. உங்கள் மகன் தேடும் அந்த நண்பன் பெரும்பாலும் உங்கள் மகனேதான்.

முதலில் தண்ணீரும் சாப்பாடும்

மாதம் ஒருமுறை முழுவதையும் இறைத்துக் கழுவினால் சுத்தம் என்று நினைத்திருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. பில்டர் பஞ்சில் வாழும் நல்ல பக்ரீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கொழும்புக்கு வரும் பைப் தண்ணீர், களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுத்ததானாலும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்து வந்ததானாலும், குளோரின் சேர்த்துத்தான் வருகிறது. பஞ்சை பைப்புக்கு அடியில் பிடித்தால் அந்தப் பக்ரீரியாக்கள் செத்துப்போகும். ஒவ்வொரு மாதமும் உங்கள் தொட்டி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. கழுவிய முதல் நாட்களில் அமோனியா, கடைசி நாட்களில் நைட்ரேட் என்று அந்த மீன் மாறி மாறி நஞ்சில்தான் இருக்கிறது.

அடுத்த இரண்டு கிழமைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரில் கால்வாசியை மட்டும் மாற்றுங்கள். பிறகு கிழமைக்கு ஒருமுறை 40 சதவீதம் வரை. புதுத் தண்ணீருக்குக் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்றுங்கள். மேல் தாங்கியில் நின்ற தண்ணீர்தானே என்று விட்டுவிட வேண்டாம். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் உள்ள வாளியில் மெல்லப் பிழிந்து அலசினால் போதும். தண்ணீர் சோதிக்கும் கிட் ஒன்று வாங்குங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்தில் இருக்க வேண்டும். நைட்ரேட் லீற்றருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குழி ஆறும்வரை 20க்குள் வைத்திருக்க முடிந்தால் நல்லது.

தங்கமீன் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். அதன் உடலில் விற்றமின் பி1ஐச் சிதைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டால் ஒஸ்காருக்கு அந்த விற்றமின் போதாமல் போகும். கடையில் தீனிக்கென்று விற்கும் மீன்கள் நெருக்கமாக அடைத்து வைக்கப்பட்டவை என்பதால் ஒட்டுண்ணிகளையும் கொண்டுவரும். கோழி ஈரலும் இதயமும் நாளாந்தச் சாப்பாடாகச் சரிவராது. நிலத்து விலங்குகளின் கொழுப்பை மீன் சரியாகச் செரிக்காது, தண்ணீரும் சீக்கிரம் கெடும். சிக்லிட் மீனுக்கென்றே வரும் பெரிய உருண்டைத் தீனிதான் முக்கியமாக இருக்கட்டும். இடைக்கிடை மண்புழு, தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி, எப்போதாவது ஓட்டோடு ஓர் இறால். முதல் சில நாள் உருண்டையைத் துப்பிவிட்டுக் கோபமாக உங்களைப் பார்க்கும். ஒரு கிழமை பட்டினி கிடந்தாலும் இந்த அளவு மீனுக்கு ஆபத்தில்லை. இரங்கி ஈரலைக் கொடுத்துவிடாதீர்கள்.

பாமசியில் மெற்றோனிடசோல் குளிசை வாங்கிப் பொடியாக்கிப் போடச் சிலர் சொல்வார்கள். இந்த நோய்க்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் எவ்வளவு, தண்ணீரிலா தீனியிலா, எத்தனை நாள் என்பதை மீனைப் பார்த்தே சொல்ல முடியும். நீங்களாகப் போட வேண்டாம்.

ஏன் அடித்தது, ஏன் விழுங்கியது

உங்கள் மகன் மூன்று சாவுகளையும் ஒன்றாகச் சேர்த்து, “எங்கள் மீன் பொல்லாதது” என்று நினைக்கிறான் போலிருக்கிறது. மூன்றும் வெவ்வேறு. டெட்ராவைத் தின்றது பசி. தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பகுதியில் சின்ன மீன்களையும் பூச்சிகளையும் நண்டு இறால்களையும் தின்று வாழும் இனம் இது. வாய்க்குள் போகும் எதுவும் அதற்குச் சாப்பாடுதான். பரட் மீனை அடித்தது இடத்துக்காக. முன்னேற்பாடு எதுவும் இல்லாமல், ஏற்கனவே தனது என்று அது வைத்திருந்த தொட்டிக்குள் ஒரு புதியவரை விட்டீர்கள், ஒளிய இடமும் இல்லை. முதல் ஒஸ்கார் செத்தது, இரண்டு குஞ்சுகள் ஒரே நேரத்தில் வளரத் தொடங்கி இடம் போதாமல் போனதால். இவை தவிர முட்டையிடும் காலத்தில் வரும் ஆவேசம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் மற்ற மூன்றும் ஒன்றுமே இல்லை.

இதைப் பிரித்துப் பார்த்தால்தான் துணையைத் தேர்ந்தெடுக்க முடியும். வாய்க்குள் போகாத அளவு, சண்டைக்கு இழுக்காத சுபாவம், ஓடித் தப்ப இடம். இந்த மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும். மூன்றாவதில்தான் உங்கள் தொட்டி தோற்றுப்போகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். மீன் 11 அங்குலம், அதாவது சுமார் 28 சென்ரிமீற்றர். தொட்டியின் அகலம் ஒன்றரை அடி, சுமார் 45 சென்ரிமீற்றர். கல், பில்டர், கண்ணாடியின் தடிப்பு எல்லாம் போக, அது உடலை வளைத்துத்தான் திரும்ப முடிகிறது. இன்னும் கொஞ்சம் வளரவும் கூடும். விளிம்பு வரை நிரப்பினாலும் அந்தத் தொட்டி சுமார் 250 லீற்றர்தான். ஒரு ஒஸ்காருக்கே 280, 300 லீற்றரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அனுபவமுள்ள வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. இப்போதைய தொட்டியில் எந்த மீனைச் சேர்த்தாலும் முடிவு ஒன்றுதான். நல்ல இனமா கெட்ட இனமா என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

கடைக்காரர் சொன்னவை

ரெட் டெயில் கெளிறு: தயவுசெய்து வேண்டாம். மூன்று அங்குலக் குஞ்சாக, சிவப்பு வாலும் வெள்ளைக் கோடுமாக மனதை இழுக்கும். இயற்கையில் ஒரு மீற்றரைத் தாண்டி வளரும் மீன் அது. வேகமாகவும் வளரும். முதலில் உங்கள் ஒஸ்கார் அதை விழுங்கப் பார்க்கும். கெளிறின் செட்டை முள் தொண்டையில் சிக்கி இரண்டும் சாகலாம். அதில் தப்பினால் அடுத்த வருடம் கெளிறு ஒஸ்காரை விழுங்கும். நகரத்து வீடு எதிலும் வைக்கக்கூடிய மீன் இல்லை இது.

பாக்கு: இதுவும் 60 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடியது, கொட்டை உடைக்கும் பல் உடையது. கவனமாக இருங்கள், குஞ்சுப் பருவத்தில் பாக்குவும் சில்வர் டொலரும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். நான் கீழே சில்வர் டொலரைப் பற்றி நல்லதாகச் சொல்லப்போகிறேன். அதை நம்பிக் கடைக்குப் போய்ப் பாக்குவோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பெயரைக் கேட்டு உறுதி செய்யுங்கள். நெஞ்சுப்பக்கம் சிவந்திருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பெண் ஒஸ்கார்: இதில் கடைக்காரர் உறுதி கொடுக்கவே முடியாது. ஒஸ்காரில் ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாது. நிறம், அளவு, நெற்றி எதுவும் அடையாளம் இல்லை. முட்டையிடும் நேரத்தில் அடிவயிற்றில் வெளிவரும் சிறு குழாயின் வடிவத்தை வைத்துத்தான் தெரியும். உங்களுடையதே ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. ஆணும் பெண்ணுமாகவே அமைந்தாலும் அவை ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ள வேண்டுமே. சோடி வேண்டுபவர்கள் ஐந்தாறு குஞ்சுகளைப் பெரிய தொட்டியில் ஒன்றாக வளர்த்து, அவையாகச் சோடி சேர்ந்த பிறகு மற்றவற்றை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். வளர்ந்த இரண்டு அந்நியரை ஒரே தொட்டியில் விடுவது அந்தப் பரட் மீனின் கதையைத் திரும்ப நடத்துவதுதான். சேர்ந்துவிட்டால் முட்டைக் காலத்தில் வேறெதையும் அருகில் வர விடாது. ஆயிரக்கணக்கில் பொரிக்கும் குஞ்சுகளை என்ன செய்வீர்கள்?

டேங்க் கிளீனர்: பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அவ்வளவுதான். அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் மீன் உலகத்தில் இல்லை. அதுவும் கழிவு போடும், 30 சென்ரிமீற்றரைத் தாண்டி வளர்ந்து நிறையவே போடும். சாப்பாடு போதாவிட்டால் இரவில் ஒஸ்கார் அசையாமல் கிடக்கும்போது அதன் உடலில் ஒட்டி வழுவழுப்பான மேல்படலத்தைச் சுரண்டுவதும் உண்டு. தலையில் புண் உள்ள மீனோடு இப்போது அதைச் சேர்க்கவே கூடாது.

கடைக்காரர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல வரவில்லை. அவர் கண்ணில் படுவது குஞ்சுப் பருவம். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த மீனைப் பார்க்கிறவர்கள் நாங்கள்.

அப்படியானால் எது சரிவரும்?

எனது முதல் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன்: 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி, அதில் உங்கள் ஒஸ்கார் மட்டும். சுமார் 450 லீற்றர். நீளம் இப்போது இருப்பதேதான், அகலம் அரை அடி கூடுகிறது. அந்த அரை அடியில்தான் அது நிம்மதியாகத் திரும்பும். அடியில் மெல்லிய மணல், ஒன்றிரண்டு பாரமான கல், ஒரு மரக்கட்டை. ஒஸ்கார் தோண்டும், இழுக்கும், செடியைப் பிடுங்கும். கல்லை மணலுக்கு மேல் வைக்காமல் கண்ணாடி அடியிலேயே வைத்து, பிறகு மணல் போடுங்கள். இல்லாவிட்டால் அடியைத் தோண்டிக் கல்லைச் சரித்துவிடும். பாயும் மீன் என்பதால் மூடியும் உறுதியாக இருக்க வேண்டும். கொழும்புச் சூட்டில் ஹீட்டர் தேவையில்லை.

மகனுக்குத் துணை மீன் வேண்டும் என்பது உண்மையான ஆசையாக இருந்து, இடமும் வசதியும் இருந்தால், 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி. சுமார் 680 லீற்றர். அதில் நான் சேர்க்கச் சொல்வது சில்வர் டொலர், ஐந்தாறாக. தட்டையான வட்ட உடல், நான்கு அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருந்தால் ஒஸ்காரின் வாயில் அடங்காது. வேகமாக ஓடும், இடம் பிடித்துச் சண்டை போடாது, பெரும்பாலும் தாவரம் தின்னும். கூட்டமாக இருப்பதால் ஒஸ்காரின் பார்வை ஒரே மீனில் நிலைக்காது. தனியாக ஒன்றை விட்டால் அது பயந்தே நோய்ப்படும்.

செவரம் இன்னொரு வாய்ப்பு. அதுவும் சிக்லிட், ஆனால் சற்று அமைதியானது. அளவு ஒஸ்காரின் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். சில ஒஸ்கார்கள் ஏற்கும், சில ஏற்காது. ஒஸ்காரில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். டின்பொயில் பார்பைப் பலர் சொல்வார்கள். வேகமான நல்ல மீன்தான், ஆனால் அதுவே ஓர் அடி வளரும், கூட்டமாகவும் வேண்டும் என்பதால் 6 அடியும் போதாது. பிளவர்ஹோர்ன், ரெட் டெவில், ஜகுவார் சிக்லிட் எல்லாம் ஒஸ்காரை விட முரட்டு இனங்கள். அவற்றோடு விட்டால் அடிபடப் போவது உங்கள் மீன். இவ்வளவு பெரிய வாய் இருந்தும் பெரிய சிக்லிட்களுக்குள் ஒஸ்கார் ஓரளவு சாதுதான்.

புது மீனை வாங்கியதும் உள்ளே விட்டுவிடாதீர்கள். நான்கு கிழமை தனித் தொட்டியில் வைத்து வெண்புள்ளி, புண் எதுவும் வருகிறதா என்று பாருங்கள். பிறகு பெரிய தொட்டியில் கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி, முதலில் சில்வர் டொலர்களைக் குடியேற்றுங்கள். ஒஸ்காரைக் கடைசியாக விடுங்கள். அப்போது எல்லோருக்கும் அது புது இடம். விளக்கை அணைத்து, ஒஸ்காருக்கு முன்பே வயிறு நிறையக் கொடுத்து, நீங்கள் அன்று முழுவதும் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் செய்யுங்கள். முதல் கிழமை துளையுள்ள ஒரு தடுப்பை நடுவில் வைத்தால் இன்னும் நல்லது. செட்டை கிழிவது, மேல் மூலையில் ஒரு மீன் ஒதுங்கி நிற்பது, சாப்பிட வராதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் “பழகிவிடும்” என்று காத்திராமல் பிரித்து வையுங்கள். பரட் மீன் மூன்று நாள் அடிவாங்கியது. முதல் நாளே எடுத்திருந்தால் தப்பியிருக்கும். வாங்கும்போதே, சரிவராவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று கடையில் கேட்டு வையுங்கள். அந்தத் தனித் தொட்டியையும் விற்றுவிடாதீர்கள்.

மூன்றாம் மாடியும் மின்வெட்டும்

பெரிய தொட்டி என்றவுடன் பாரத்தை யோசிக்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 4 அடித் தொட்டி கண்ணாடி, மணல், இரும்புக் கால் எல்லாம் சேர்ந்து 600 கிலோ அளவில் வரும். 6 அடித் தொட்டி 900 கிலோவை நெருங்கும். அந்தப் பாரம் முழுவதும் ஒரு மேசையளவு இடத்தில், இரவு பகலாக வருடக்கணக்கில் இறங்கும். வீட்டுத் தளம் இப்படி ஓரிடத்தில் குவியும் பாரத்துக்காகக் கட்டப்படுவதில்லை. நடு ஹோலில் வைக்கவே வேண்டாம். தூணுக்கும் பீமுக்கும் அருகில், சுவரோரமாக, நீளப்பக்கம் பீமுக்குக் குறுக்கே வருமாறு வைப்பது வழக்கம். எது பீம் என்பதை ஒரு பொறியியலாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். 6 அடித் தொட்டி என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது.

நீங்கள் வாடகைக்கு இருப்பதால் வீட்டுச் சொந்தக்காரரிடமும் கட்டட நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், செல்லப்பிராணி பற்றியும் பாரமான பொருட்கள் பற்றியும் ஏதாவது வரி இருக்கலாம். கண்ணாடி ஒட்டு விட்டு 400 லீற்றர் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையால் இறங்கினால் நட்டத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். வாய்மொழி அனுமதி அன்றைக்கு உதவாது.

மின்வெட்டுக்கும் ஆயத்தம் வேண்டும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும், பெரிய மீனுக்கு அது நிறையத் தேவை. பில்டர் நின்றால் முதலில் மூச்சுத் திணறுவது பெரிய மீன்தான். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வைத்திருங்கள், விலை அதிகமில்லை. அது இல்லாத நேரத்தில் ஒரு சாடியால் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினாலும் கொஞ்சம் காற்றுக் கலக்கும். கரண்ட் இல்லாதபோது தீனி போடாதீர்கள்.

பேரை வாவி பற்றி

உங்கள் தம்பி கெட்ட மனதோடு சொல்லவில்லை. “விட்டால் சுதந்திரமாக வாழும்” என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. நகரத்துக்கு வெள்ளத்திலிருந்து பாதுகாப்பும், மீன்பிடிப் பூனையிலிருந்து நீர்ப்பறவை வரை எத்தனையோ உயிர்களுக்கு வீடும் இந்த ஈரநிலங்கள்தான். இதே நீர்நிலைகளில் இன்று வீட்டுத் தொட்டிகளிலிருந்து வந்த கத்தி மீனும் டேங்க் கிளீனரும் பெருகிவிட்டன. கத்தி மீன் சின்ன மீன்களை வேட்டையாடுகிறது. டேங்க் கிளீனர் கரையில் வளை தோண்டுகிறது, அதன் முள் மீனவரின் வலையைக் கிழிக்கிறது. ஒவ்வொன்றும் “ஒரே ஒரு மீன்தானே” என்று யாரோ விட்டதிலிருந்து தொடங்கியது. அமெரிக்காவின் புளோரிடாவிலும் மனிதர் வெளியே விட்ட ஒஸ்கார், இன்று அங்குள்ள நீர்நிலைகளில் நிலைத்துவிட்டது. நம்முடைய தண்ணீரும் அதற்குக் குளிராது.

ஒஸ்காரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது இரக்கம் இல்லை. தலையில் புண்ணோடு, ஈரலும் இதயமும் சாப்பிட்டுப் பழகிய மீனை அழுக்கு வாவியில் விட்டால் அது கொக்குக்கோ தூண்டிலுக்கோ போகும், அல்லது மெல்லச் சாகும்.

வைத்திருக்கவே முடியாது என்று முடிவெடுத்தால் வழி இருக்கிறது. பெரிய தொட்டி வைத்திருப்பவர்களைத் தேடுங்கள். பெரிய மீன் கடைகள் சில, வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கொடுக்கும் முன் அவர்கள் தொட்டியின் அளவைக் கேளுங்கள், முடிந்தால் போய்ப் பாருங்கள். தலையில் குழி இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இதைச் செய்தால் நீங்கள் அந்த மீனைக் கைவிட்டதாக ஆகாது.

மகனிடம்

பரட் மீன் தன்னால் செத்தது என்று அவன் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். தம்பி, நீ தெரிந்துகொண்டு எதையும் செய்யவில்லை. அந்த அளவுத் தொட்டியில் அது நடக்கும் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது உன்னால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தண்ணீர் சோதிக்கும் வேலையை நீ எடுத்துக்கொள். ஒரு கொப்பியில் திகதி போட்டு அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் எழுது. ஒரு மேசைப்பந்தை நன்றாகக் கழுவித் தண்ணீரில் மிதக்கவிடு, பல ஒஸ்கார்கள் அதை மூக்கால் தள்ளி விளையாடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு முன்னால் இரு. உன் முகம் அதற்குத் தெரியும்.

சகோதரி, இன்று பகல் வெளிச்சத்தில் தலையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். இரண்டு கிழமை கழித்து அதே கோணத்தில் மறுபடியும் எடுத்து, மகனின் கொப்பியோடு எனக்கு அனுப்புங்கள். அதற்குள் குழிகள் பெரிதானாலோ, அவற்றிலிருந்து வெள்ளையாக ஏதாவது வந்தாலோ, மலம் வெள்ளை நூல் போலப் போனாலோ, சாப்பாட்டை முற்றாக விட்டாலோ காத்திருக்க வேண்டாம். மீன் பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரிடம் உடனே காட்டுங்கள். கொழும்பில் உங்களுக்கு யாரும் அகப்படாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தைக் கேட்கலாம், அங்கே நீர்வாழ் உயிரினங்களின் நோய்களைப் பார்க்கிறார்கள். புதுத் தொட்டிக்கு முற்பணம் கொடுப்பதை அந்த இரண்டாவது படம் வரும்வரை தள்ளிப்போடுங்கள். அதற்கிடையில் வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதிவிடலாம்.